கூடாரத்தில் உண்ணும் கனிச் சோறு

இன்று ஒரு சோற்றைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்றவன் இப்போது அடுப்பின் முன் நின்று பேசுவது உங்களுள் சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். நகைத்துவிட்டுக் கேளுங்கள். அந்தச் சோற்றினுள் வரலாறும் நிலநூலும் அறநூலும் கலந்து கிடக்கின்றன. வகுப்பறையில் நான் பிழையாக விடையளித்த ஒரு வினாவுக்கு உரிய விடையும் அதனுள்தான் இருந்தது.

அந்த வினாவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு நான் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நாள் யூத மக்களின் கதை பாடமாக வந்தது. கி.பி. 70-ஆம் ஆண்டில் உரோமானியர் எருசலேம் ஆலயத்தை அழித்ததையும், அம்மக்கள் பல நாடுகளில் சிதறி வாழ்ந்ததையும் எடுத்துரைத்தேன். எங்கிருந்தபோதிலும் அவர்கள் ஆண்டுதோறும் தம் அறுவடை விழாவைக் கைவிடவில்லை என்று கூறிப் பாடத்தை முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவனுடைய பெற்றோர் பிறர் வயலில் கூலிக்கு நாற்று நடுபவர்கள். “ஐயா, வயலே இல்லாதவர்களுக்கு அறுவடைத் திருநாள் எதற்கு?” என்று கேட்டான். மணி அடிக்கும் நேரம். “அது பழக்கம், உட்கார்” என்றேன். அவன் உட்கார்ந்தான். அவ்வாண்டு முழுவதும் அவன் என்னிடம் வேறெந்த வினாவும் கேட்கவில்லை.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம், மாணவனுடைய வினாவை அவமதிக்கலாகாது என்பது. அப்பாடத்தை நான் மறந்த நாள் அது. ஓய்வு பெற்ற பின், நேரம் கிடைத்தபோது, அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தேன். நூல்களில் தொடங்கிய தேடல் சமையலறையில் வந்து முடிந்தது.

யூதர்களின் அந்த அறுவடை விழாவுக்கு எபிரேய மொழியில் ‘சுக்கோத்’ என்று பெயர். குடில்கள் என்பது அதன் பொருள். தமிழ் விவிலியத்தில் இதனைக் கூடாரப் பண்டிகை என்றும், சேர்ப்புக்காலப் பண்டிகை என்றும் காணலாம். யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதத்தின் 15-ஆம் நாள், முழுநிலவன்று, இவ்விழா தொடங்குகிறது. நம் கணக்கில் பெரும்பாலும் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ வரும். ஏழு நாட்கள் நடைபெறும். களத்துமேட்டுத் தானியமும் ஆலையிலிட்ட திராட்சையும் வீடு வந்து சேர்ந்த பிறகு கொண்டாடப்படுவதால் இதற்குச் சேர்ப்புக்காலம் என்ற பெயர் பொருந்திற்று.

விழாவின் நடுநாயகம் ஒரு குடில். வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ அதனைக் கட்டுவார்கள். சுவர் எதனாலும் ஆகலாம். கூரை மட்டும் மண்ணில் வளர்ந்து வெட்டப்பட்ட தழைகளாலும் கிளைகளாலும் ஓலைகளாலுமே வேயப்பெற வேண்டும். பகலில் வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும். இரவில் இடுக்குகளின் வழியே விண்மீன்கள் தெரிவது நன்று. கூரையிலிருந்து மாதுளை முதலிய பழங்களைத் தொங்கவிட்டு அழகு செய்வார்கள். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து நீங்கிய முன்னோர் பாலைநிலத்தில் குடில்களில் வாழ்ந்ததை நினைவுகூரவே இந்த ஏற்பாடு என்று அவர்களுடைய மறைநூல் கூறுகிறது. ஏழு நாட்களும் உணவை அங்கேயே உண்ண வேண்டும். இன்றும் எருசலேமில், மேல்மாடம் கீழ்மாடத்தின் வானத்தை மறைக்காதவாறு மாடங்களை விலக்கி அமைத்த அடுக்குமாடி வீடுகள் உண்டு. திறந்த வானின்கீழ்க் குடில் அமைய வேண்டும் என்பதே அதற்குக் காரணம்.

இங்கே சிறிது நின்று எண்ணிப் பாருங்கள். உழவனுடைய களஞ்சியம் நிறைந்திருக்கும் காலம் எது? அறுவடை முடிந்த காலமன்றோ? அந்நேரத்தில்தான் அவனை நோக்கி, “உன் உறுதியான வீட்டை விட்டு வெளியே வா; ஓட்டைக் கூரையின்கீழ் உட்கார்ந்து உண்” என்று அவனுடைய சமயம் பணிக்கிறது. செல்வம் நிறைந்த வேளையில் நிலையாமையை நினைவூட்டும் ஏற்பாடு இது. விழா முடிவில் மழைக்கான வேண்டுதலும் உண்டு. அந்நாட்டில் கோடை முழுவதும் மழை அரிது. அறுவடை கைக்கு வந்துவிட்டாலும் அடுத்த பயிர் வானத்தை நம்பித்தான் இருக்கிறது.

இனி உணவுக்கு வருவோம். குடிலில் உண்ண வேண்டும் என்னும் விதி சமையலையும் ஆள்கிறது. சமையலறை ஓரிடம், உண்ணுமிடம் வேறோரிடம். ஆதலின் ஒரே பாத்திரத்தில் எடுத்துச் செல்லத்தக்கதும், காற்றில் விரைவில் ஆறிப்போகாததுமான உணவு விரும்பப்படுகிறது. விழாவின் தொடக்கத்தில் வரும் புனித நாளில் அன்றைய உணவைச் சமைக்கலாம். ஆனால் புதிதாக நெருப்பு மூட்டலாகாது. முன்னரே எரியும் சுடரிலிருந்துதான் நெருப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். ஓய்வுநாளாகிய சனிக்கிழமையில் சமையலே கூடாது. மேலும் இறைச்சியையும் பாற்பொருளையும் சேர்த்துச் சமைப்பதும் உண்பதும் அவர்களுக்கு விலக்கு. ஆதலால் இறைச்சி விருந்தோடு பரிமாறும் சோற்றில் வெண்ணெயோ நெய்யோ இடாமல் எண்ணெயே சேர்ப்பார்கள். எண்ணெயிற் சமைத்த கனிச் சோறு இறைச்சிக்கும் துணையாகும். வேறு நாளில் தயிர் உணவுக்கும் துணையாகும்.

கனிச் சோறு என்றேன். கனி எங்கிருந்து வந்தது, சோறு எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் இதன் சிறப்பு விளங்கும். அம்மக்களின் மறைநூலாகிய உபாகமம், அவர்களுடைய நாட்டின் பெருமையாக ஏழு விளைபொருள்களை எண்ணிச் சொல்கிறது. கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், தேன் என்பன அவை. இங்குத் தேன் என்றது பேரீச்சம்பழத் தேனை என்பது மரபுரை. இந்த ஏழில் நெல் இல்லை என்பதைக் கவனியுங்கள். நெல் அந்நாட்டுக்குப் பிற்காலத்தில், கிழக்கிலிருந்து சென்ற விருந்தாளி.

எபிரேய மொழியில் அரிசிக்கு ‘ஓரெஸ்’ என்று பெயர். கிரேக்கர்கள் ‘ஒரூசா’ என்றனர். இச்சொற்களுக்கும் நம்முடைய ‘அரிசி’ என்னும் சொல்லுக்கும் உறவுண்டு என்று அறிஞர் சிலர் எழுதினர். ஈரானிய மொழிகளின் வழியே அச்சொல் மேற்கே சென்றது என்பர் வேறு சிலர். வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் சொல்லும் பொருளும் கிழக்கிலிருந்தே சென்றன என்பதில் இருதரப்பாரும் ஒன்றுபடுவர்.

கி.பி. 200-ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் யூதச் சட்டத்தொகுப்பில் ஓரிடம் எனக்குப் பெருவியப்பளித்தது. பத்திலொரு பங்கு காணிக்கை பற்றிப் பேசும் அவ்விடத்தில், அத்திப்பழம், பேரீச்சம்பழம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் அரிசியும் வைக்கப்பட்டிருக்கிறது. ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே அரிசியும் கனியும் அந்நாட்டுச் சந்தையில் அண்டை வீட்டாராகிவிட்டன என்பது இதனால் விளங்குகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த அரிசிக்கு விதிவிலக்கும் அங்கே கூறப்பட்டுள்ளது. அரிசி அங்கே விளைந்தும் வந்தது, வெளியிலிருந்து இறங்கியும் வந்தது என்று நாம் அறியலாம்.

விருந்தாளிக்குக் கிடைத்த மரியாதையும் அறியத்தக்கது. யூதர்கள் உண்பதற்கு முன்னும் பின்னும் இறைவனுக்கு நன்றி கூறும் வாசகங்களைச் சொல்வார்கள். உணவுக்கேற்ப வாசகம் மாறும். அரிசிச் சோற்றுக்கு முன்னே சொல்வது தானிய உணவுக்குரிய உயர்ந்த வாசகம். உண்ட பின் சொல்வதோ பொதுவான சிறிய வாசகம். பேரீச்சைக்கும் அத்திக்கும் மாதுளைக்கும் திராட்சைக்கும் அந்நாட்டையே வாழ்த்தும் தனி வாசகம் பின்னர் உண்டு. ஆகவே ஒரே தட்டில் ஊர்க்காரரும் விருந்தாளியும் அமர்ந்திருக்கின்றனர். இருவருக்கும் உரிய இடம் வரையறுக்கப்பட்டிருக்கிறது.

இந்த விருந்தாளி எவ்வாறு விழாவின் தட்டுக்கு வந்தது? கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனியர் யூதர்களைச் சிறைப்படுத்திக் கொண்டுசென்றனர். கி.மு. 539-இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனை வென்று, அவர்கள் நாடு திரும்ப வழிவிட்டான். சிலர் திரும்பினர், பலர் அங்கேயே தங்கினர். அவ்வாறு தங்கியோரின் வழிவந்தவர்கள் பாரசீகத்தின் ஊர்களிலும், அதற்கப்பால் புகாரா, சமர்க்கந்து ஆகிய நடு ஆசிய நகரங்களிலும் நெடுங்காலம் வாழ்ந்தனர். அந்நாடுகளில் விருந்து என்றால் புலாவு. அரிசியோடு உலர்ந்த திராட்சை, ஆப்ரிகாட், பாதாம், ஆரஞ்சுத் தோல், சீமை மாதுளை முதலியவற்றைச் சேர்த்துச் சமைப்பது அவ்வட்டாரத்தின் கைவண்ணம். அண்டையில் வாழ்ந்த இசுலாமியர் வீட்டில் நெய்யோடு மணந்த புலாவு யூதர் வீட்டில் எண்ணெயோடு மணந்தது. 1948-க்குப் பின்னும், 1979-ஆம் ஆண்டு ஈரானியப் புரட்சிக்குப் பின்னும், 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோதும், அக்குடும்பங்களிற் பெரும்பாலானவை இசுரேலுக்கும் அமெரிக்காவுக்கும் பெயர்ந்தன. புலாவுப் பானையும் அவர்களோடு பெயர்ந்தது.

இதற்கு ஒரே முறை என்பது இல்லை. வீட்டுக்கு வீடு மாறும். பாரசீக வழியில் நான் சமைத்துப் பழகிய முறையைக் கூறுகிறேன். ஐந்தாறு பேருக்கு இரண்டு டம்ளர், அதாவது சுமார் 400 கிராம், பாசுமதி அரிசி வேண்டும். கிஸ்மிஸ் 50 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் எட்டு, உலர்ந்த அத்திப்பழம் ஐந்து, உலர்ந்த ஆப்ரிகாட் எட்டு, பாதாம் 50 கிராம், ஓர் ஆரஞ்சுப் பழத்தின் தோல், ஒரு மாதுளை, பெரிய வெங்காயம் ஒன்று, பட்டைத் தூள் அரைத் தேக்கரண்டி, குங்குமப்பூ ஒரு சிட்டிகை, எண்ணெய் ஐந்து மேசைக்கரண்டி, உப்பு ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆலிவ் எண்ணெய் கிடைத்தால் நன்று; கிடைக்காவிடில் மணமற்ற எந்த எண்ணெயும் போதும்.

அரிசியை நான்கைந்து முறை நீர் தெளியுமளவும் கழுவுக. அரிசிமேல் ஒட்டியிருக்கும் மாவு நீங்கினால்தான் சோறு ஒன்றோடொன்று ஒட்டாது. பின்னர் உப்பிட்ட நீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுக. ஊறிய அரிசி உட்புறமும் நீர் ஏற்றிருப்பதால், கொதிநீரில் இட்டவுடன் நொறுங்காமல் நீண்டு விரியும்.

அரிசி ஊறும் நேரத்தில் கனிகளைப் பக்குவப்படுத்தலாம். அத்தியையும் பேரீச்சையையும் பிளந்து பார்க்க வேண்டும். பூச்சியுண்ணல் அவர்களுக்கு விலக்காதலால், சட்டம் பேணும் யூதர் வீடுகளில் இவற்றைப் பிளந்து ஒளியில் நோக்கிய பின்னரே சேர்ப்பார்கள். நமக்கும் அது நல்ல பழக்கமே. ஆரஞ்சுத் தோலின் உட்புற வெள்ளையைச் சுரண்டிவிட்டு மெல்லிய நாராக அரிந்து, இருமுறை கொதிக்கவைத்து நீரைக் கொட்டிவிடுக. கசப்பு அந்நீரோடு போய்விடும்; மணம் நின்றுவிடும். வெங்காயத்தை இரண்டு கரண்டி எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, அரிந்த கனிகளையும் தோலையும் பாதாமையும் பட்டைத் தூளையும் இட்டு இரண்டு நிமிடம் புரட்டி இறக்கிவிடுக. மாதுளையை இப்போது சேர்க்க வேண்டாம்.

பெரிய பாத்திரத்தில் பத்து டம்ளர் நீரைக் கொதிக்கவைத்து உப்பிட்டு அரிசியைப் போடுக. ஐந்து முதல் ஏழு நிமிடங்களுக்குள் ஒரு சோற்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். வெளிப்புறம் மென்மையாகவும் நடுவில் சிறு உறுதியோடும் இருக்கும் கணமே பதம். அந்தக் கணத்தில் வடிதட்டில் கொட்டி நீரை வடித்துவிட வேண்டும். மிகுதி வேக்காடு ஆவியில் நடைபெறும்.

அடிகனத்த பாத்திரத்தில் எஞ்சிய எண்ணெயை ஊற்றி, முதலில் வெறுஞ்சோற்றை ஓர் அடுக்காகப் பரப்புக. அதன்மேல் கனிக்கலவை, மறுபடியும் சோறு, மறுபடியும் கனி என்று குவியலாக அடுக்குக. கனியை அடியில் இடலாகாது. அதிலுள்ள சர்க்கரை நெருப்பில் கருகிக் கசக்கும். அகப்பைக் காம்பினால் குவியலில் ஐந்தாறு துளைகள் இடுக; ஆவி மேலேறும் வழி அவை. குங்குமப்பூவைச் சிறிது சர்க்கரையோடு பொடித்துச் சுடுநீரில் ஊறவைத்து மேலே தெளிக்கவும். மூடியை ஒரு தூய துணியால் சுற்றி இறுக மூடுக. ஆவி நீராகிச் சோற்றின்மேல் சொட்டாமல் துணி அதனை ஈர்த்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிடம் நடுத்தரத் தீ. பின்னர் நாற்பது நிமிடம் மிகச் சிறு தீ. தொங்கும் துணி முனைகளை மூடிமேல் முடிந்துவிட மறவாதீர்கள், தீப்பற்றும்.

திறந்ததும் மணம் வீடெங்கும் பரவும். சோற்றைத் தட்டில் குவித்து மாதுளை முத்துகளை மேலே தூவுங்கள். அடியில் பொன்னிறக் காந்தல் படிந்திருக்கும். பாரசீகர் அதனைத் ‘தஹ்திக்’, அதாவது பானையின் அடி, என்று கூறி விருந்தினருக்கு முதலில் அளிப்பார்கள். நம் வீட்டிலும் காந்தலுக்குப் பிள்ளைகள் சண்டையிடுவதை நீங்கள் அறிவீர்கள்.

முதன்முறை சமைத்தபோது நான் தோற்றேன். நமக்குப் பழகிய குழைவை எண்ணி, சோற்றை இரண்டு நிமிடம் மிகுதியாகக் கொதிக்கவிட்டேன். பொறுமையின்றிக் கனிகளையும் அதிலேயே கொட்டிக் கிளறினேன். அத்தி கரைந்தது, பேரீச்சை களியாயிற்று, எது அரிசி, எது கனி என்று அறியக்கூடாத பழுப்புக் கூழ் ஒன்று கிடைத்தது. இனிப்பாகத்தான் இருந்தது, ஆயினும் அது அந்த உணவன்று. அரிசி அரிசியாக நிற்க வேண்டும். அத்தி அத்தியாக நிற்க வேண்டும். ஒரே ஆவியில் இரண்டும் வேக வேண்டும். மூன்றாம் முறைதான் அது கைகூடியது.

அன்று அச்சோற்றைத் தட்டிலிட்டு உற்று நோக்கினேன். திராட்சை, அத்தி, மாதுளை, பேரீச்சை, ஒலிவ எண்ணெய் என ஏழு விளைபொருள்களில் ஐந்து அங்கே இருந்தன. கோதுமையும் வாற்கோதுமையும் இருக்க வேண்டிய இடத்தில், கிழக்கிலிருந்து வந்த அரிசி அமர்ந்திருந்தது. இழந்த நாட்டின் கனிகளையும், தஞ்சம் கொடுத்த நாட்டின் தானியத்தையும் ஒரு மக்கள் கூட்டம் ஒரு பானையில் சேர்த்து வைத்திருக்கிறது. தனக்கென நிலமற்றவர் உழமுடியாது. ஆனால் சந்தையில் ஒரு பிடி உலர்ந்த அத்தி வாங்க முடியும். அந்தப் பிடியைக் கொண்டு அவர்கள் தம் அறுவடையை நினைவில் விளைவித்தனர்.

அன்றிரவே உபாகமத்தின் பதினாறாம் அதிகாரத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். இவ்விழாவில் யார் யார் மகிழ வேண்டும் என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. நிலமுடையவனும் அவன் மக்களும் மட்டும் அதில் இல்லை. வேலைக்காரனும் வேலைக்காரியும் இருக்கின்றனர், நிலப்பங்கு பெறாத லேவியன் இருக்கிறான், அயலான் இருக்கிறான், தகப்பனற்ற பிள்ளையும் கைம்பெண்ணும் இருக்கின்றனர். நிலமற்றோர் ஒவ்வொருவராக எண்ணப்பட்டிருக்கின்றனர். பிற்காலத்தில் குடிலுக்கு விருந்தினரை அழைப்பது தனி மரபாகவே வளர்ந்தது. முன்னோர்களை நினைவில் விருந்தினராக வரவேற்பவர்கள், ஏழை ஒருவனை நேரில் அழைத்து உண்பிக்கவும் கடமைப்பட்டவர்கள்.

அந்த மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்: “தம்பி, விளைச்சல் நிலத்துக்கு உரியவனுடையது மட்டுமன்று. நாற்று நட்டவளுக்கும், களத்தில் நின்றவனுக்கும், வழியே போன அயலானுக்கும் அதில் பங்குண்டு என்று ஒரு பழைய சட்டம் எழுதி வைத்திருக்கிறது. பின்னர் அச்சட்டத்தைப் பெற்றவர்களே நிலமற்றவர்களாயினர். அப்போதும் அவர்கள் அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை. உன் வினா நல்ல வினா.” இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய விடை. எனக்கு அது கிட்டப் பல ஆண்டுகள் ஆயின. அவன் இன்று எங்கிருக்கிறானோ அறியேன்; எங்கேனும் இந்தக் குரலைக் கேட்பானாயின், இதனைத் தன் ஆசிரியனின் தாமதமான விடையாக ஏற்பானாக.

மாணவ நண்பர்களே, விடுமுறை நாளொன்றில் பெரியவர் துணையோடு இச்சோற்றைச் சமைத்துப் பாருங்கள். வடிக்கும் பதத்தை மட்டும் தவறவிடாதீர்கள். தட்டில் பரிமாறும்போது, அழைக்கப்படாத ஒருவரையும் அழைத்து உட்கார வையுங்கள். அவரில்லாமல் அது வெறும் புலாவு.